தாவும் மரபணு எங்கே இறங்குகிறது?

ஈஸ்டில் வாழும் டிஒய்1 என்னும் ரெட்ரோடிரான்ஸ்போசானின் நகல்கள் பெரும்பாலும், புரத உருவாக்கத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ.க்களுக்குரிய மரபணுக்களின் அருகிலேயே காணப்படுகின்றன என்று சென்ற இதழில் ஒரு விடையின் ஊடே குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் கேள்விகளை எழுப்பியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: ரெட்ரோடிரான்ஸ்போசான் என்பது எது? அது ஆர்.என்.ஏ. வழியாகத்தான் இடம் மாறுகிறது என்பதை எவ்வாறு உறுதி செய்தார்கள்?

பதில்: செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, தன்னைப் படியெடுத்த ஆர்.என்.ஏ.விலிருந்து மறுபடியும் ஒரு டி.என்.ஏ. நகலை உண்டாக்கி, அந்த நகலை அதே செல்லின் குரோமோசோம்களில் வேறோர் இடத்தில் செருகிவிடும் மரபுக்கூறே ரெட்ரோடிரான்ஸ்போசான். மூலப்பிரதி இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. நகல்தான் புதிய இடத்துக்குப் போகிறது. டிஒய்1 ஏறத்தாழ 5,900 கார இணைகள், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகள், நீளமுள்ளது. அதன் இரு முனைகளிலும் ஒரே வரிசை திரும்ப வருகிறது. நடுவே, தன் ஆர்.என்.ஏ.வைப் பொதிந்துவைக்கும் வைரஸ் போன்ற துகளின் கூட்டை அமைக்கும் புரதத்துக்கும், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதி, அந்த டி.என்.ஏ.வைக் குரோமோசோமில் செருகும் இன்டெகிரேஸ் நொதி முதலியவற்றுக்கும் உரிய செய்திகள் உள்ளன. எச்.ஐ.வி. போன்ற ரெட்ரோவைரஸின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் செல்லை விட்டு வெளியேறி இன்னொரு செல்லைத் தொற்றுவதற்கு வேண்டிய உறைப்புரதம் இதனிடம் இல்லை. எனவே அதன் வாழ்க்கை முழுவதும் ஒரே செல்லின் எல்லைக்குள் முடிந்துவிடுகிறது. இந்தச் சிறைவாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விடைகளில் அது மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

ஆர்.என்.ஏ. வழியை நிரூபித்த சோதனை 1985இல் ஜெரால்ட் ஃபிங்க்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெஃப் போக்கேயும் உடன் உழைத்தவர்களும் செய்தது. டிஒய்1க்குள் அவர்கள் ஓர் இன்ட்ரானை, அதாவது படியெடுத்த ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டை, வைத்தார்கள். காலக்டோஸ் சர்க்கரையைக் கொடுத்தால் மட்டும் டிஒய்1 மிகுதியாகப் படியெடுக்கப்படுமாறும் செய்தார்கள். புதிதாகச் செருகப்பட்ட நகல்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, இன்ட்ரான் துல்லியமாக வெட்டி நீக்கப்பட்டிருந்தது. இன்ட்ரான் நீங்குவது ஆர்.என்.ஏ. நிலையில் மட்டுமே நடக்கும் என்பதால், புதிய நகல் ஆர்.என்.ஏ.வாக ஒருமுறை இருந்துதான் வந்திருக்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஈஸ்ட் ஆய்வில் இவ்வளவு சிக்கனமான சாதனத்தால் இவ்வளவு பெரிய விடை கிடைத்த சோதனைகள் சிலவே.

கேள்வி: உயிரணுவுக்குள் அலையும் ஒரு டி.என்.ஏ. துண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று எழுதுவது சரியா? அது கண்ட இடத்தில் எல்லாம் செருகப்பட்டிருக்கலாம். மரபணுக்களின் நடுவே விழுந்தவற்றைத் தாங்கிய செல்கள் இறந்துபோக, ஆபத்தில்லாத இடத்தில் விழுந்தவை மட்டும் எஞ்சியிருக்கலாம் அல்லவா?

பதில்: வந்த கேள்விகளில் மிகக் கூர்மையானது இதுதான். இந்தத் துறையில் உழைத்தவர்களும் முதலில் தங்களையே கேட்டுக்கொண்ட கேள்வி இது; எனவே விரிவாகவே விடையளிக்க வேண்டும்.

ஈஸ்டின் மரபணுத்தொகையை நாம் வாசிக்கும்போது இரண்டு வேறு நிகழ்வுகளின் கூட்டு விளைவைப் பார்க்கிறோம். முதலாவது, நகல்கள் எங்கெங்கே செருகப்பட்டன என்பது. இரண்டாவது, அவற்றுள் எவை தலைமுறைகளைக் கடந்து நிலைத்தன என்பது. 1996இல் இந்த ஈஸ்டின், அதாவது சாக்கரோமைசிஸ் செரிவிசியேயின், மரபணுத்தொகை முழுவதும் வெளியானபோது, 16 குரோமோசோம்களில் பரவிய ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் கார இணைகளுக்கிடையே, டிஒய்1ஐயும் அதன் உறவுகளையும் கொண்ட டிஒய் குடும்பங்களின் முழு நகல்கள் சுமார் 50 இருந்தன. முழு நகல் அழிந்து முனை வரிசை மட்டும் எஞ்சிய எச்சங்கள் அதைப் போலப் பல மடங்கு இருந்தன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களின் அருகே இருந்தது உண்மையே. ஆனால் இது நெடுங்காலத்தின் எச்சம். இதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நிகழ்வுகளையும் பிரிக்க இயலாது என்று வாசகர் சொன்னால் அதை மறுக்க வழியில்லை.

தொடக்ககால ஆய்வுகளிலேயே இதற்கு நேர்மாறான கோணல் ஒன்று நேர்ந்திருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டிஒய்1 செருகப்பட்ட செல்களைக் கண்டுபிடிப்பதற்கு அன்று எளிதாக இருந்த வழி, ஏதாவது ஒரு குறிப்பிட்ட மரபணு கெட்டுப்போன அல்லது புதிதாக விழித்துக்கொண்ட செல்களைத் தேடிப் பிடிப்பதுதான். அப்படித் தேடினால், மரபணுக்களின் உள்ளேயும் அவற்றின் தொடக்கப் பகுதிகளிலும் விழுந்த நகல்களே கைக்குக் கிடைக்கும். ஆய்வாளர் விரித்த வலையின் கண்ணளவுக்கு ஏற்ற மீன்கள் மட்டும் சிக்கின என்று சொல்லலாம். மரபணுக்களின் உள்ளேயும் டிஒய்1 செருகப்பட முடியும் என்பதற்கு அவை சான்றாயின. வழக்கமாக எங்கே செல்கிறது என்பதற்கு அவை சான்றாகவில்லை.

எனவே, எந்த விளைவையும் எதிர்பார்க்காமல் புதிய செருகல்களை அப்படியே பிடிப்பதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. டிஒய்1க்குள், ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைச் செல் தானே உண்டாக்கத் தேவையான ஹிஸ்3 என்னும் மரபணுவை வைத்து, அதன் நடுவே எதிர்த்திசையில் ஓர் இன்ட்ரானையும் வைத்தால், ஆர்.என்.ஏ. வழியாகச் சென்று டி.என்.ஏ.வாகத் திரும்பிய நகலில் மட்டுமே ஹிஸ்3 வேலை செய்யும். ஹிஸ்டிடின் இல்லாத ஊடகத்தில் எந்தச் செல் வளர்கிறதோ அந்தச் செல்லில் ஒரு புதிய செருகல் நடந்திருக்கிறது; அது எங்கே விழுந்தது என்பது இந்தத் தேர்வில் கணக்கில் வருவதே இல்லை. மூன்றாம் குரோமோசோமில் விழுந்த செருகல்களை இப்படி எந்த விளைவையும் பொருட்படுத்தாமல் சேகரித்து, 1993இல் வரைபடமாக்கியபோதே, கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களின் பக்கத்தில் அவை குவிந்திருந்தது தெரிந்துவிட்டது. அவை நெடுங்கால எச்சங்கள் அல்ல, ஆய்வுக்கூடத்தில் அண்மையில் நிகழ்ந்தவை.

அப்படியும், உடனே கொன்றுவிடும் செருகல்கள் இந்தக் கணக்கிலும் விடுபட்டிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். ஈஸ்டின் ஏறத்தாழ 6,000 மரபணுக்களில், ஒன்றை அழித்தாலே செல் இறந்துவிடும் என்று சொல்லத்தக்கவை ஐந்தில் ஒரு பங்கே. அந்தப் பங்கு முழுவதையும் விலக்கிவிட்டாலும், டிஒய்1 தங்குவதற்கு மரபணுத்தொகையின் பெரும்பகுதி திறந்தே கிடக்கிறது. மறுபுறம், சுமார் 275 கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆயிரம் கார இணைகள் என்று வைத்துக்கொண்டால், மொத்தப் பரப்பில் அது 2 சதவீதத்துக்குச் சற்று மேல். குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால் புதிய செருகல்களில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான் அங்கே இருக்க வேண்டும். காண்பதோ அதற்கு நேர்மாறு: பெரும்பாலானவை அங்கே இருக்கின்றன. இந்த வேறுபாட்டைச் செல்களின் மரணத்தால் மட்டும் விளக்க முடியாது.

கடைசிச் சந்தேகத்தையும் நீக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரு கடத்து ஆர்.என்.ஏ. மரபணுவின் படியெடுப்பைத் தொடங்கும் பகுதியைச் சிறிய திடீர்மாற்றத்தால் முடக்கினால், அதன் அருகே டிஒய்1 வருவது நின்றுபோகிறது என்று ஸ்காட் டெவினும் போக்கேயும் 1996இல் காட்டினார்கள். அக்கம்பக்கத்து டி.என்.ஏ. மாறவில்லை, அங்கே செருகப்பட்டால் செல்லுக்கு நேரும் தீமையும் கூடவில்லை, ஆயினும் வருகை நின்றது. எஞ்சியவற்றின் கதையாக மட்டும் இது இருந்திருந்தால் அப்படி நடக்க வேண்டிய காரணமே இல்லை. ஆகவே, அறிவுள்ள ஒன்றின் விருப்பம் என்ற பொருளை மட்டும் நீக்கிவிட்டால், "தேர்வு" என்று சொல்வதில் பிழையில்லை.

கேள்வி: கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களின் எழுத்து வரிசையில் ஏதோ ஓர் அடையாளம் இருந்து, அதைப் படித்துத்தான் இன்டெகிரேஸ் நொதி அங்கே வருகிறதா?

பதில்: இல்லை. பலரும் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். ஆனால் டிஒய்1 இன்டெகிரேஸ் தான் வெட்டும் இடத்தில் குறிப்பிட்ட எழுத்து வரிசை எதையும் கண்டிப்பாகக் கோருவதில்லை. செருகலின் இருபுறமும் ஐந்து எழுத்துகள் இரட்டிப்பாகின்றன. எந்த ஐந்து எழுத்துகள் என்பது ஒவ்வொரு செருகலிலும் வேறுபடுகிறது. அது தேடிப் போவது டி.என்.ஏ.வை அல்ல, அந்த டி.என்.ஏ.வின் மேல் ஏற்கெனவே அமர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் புரதத்தை.

கடத்து ஆர்.என்.ஏ.க்களைப் படியெடுப்பது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 3 என்னும் நொதி. பதினேழு துணைப்புரதங்கள் கூடி அமைந்த பெரிய கூட்டு அது. அவற்றுள் ஏசி40 என்னும் ஒன்றை டிஒய்1 இன்டெகிரேஸ் பற்றிக்கொள்கிறது என்பதைப் பாரிசில் பாஸ்கல் லெசாஜின் குழு 2015இல் வெளியிட்டது. அவர்கள் கையாண்ட முறை ரசிக்கத்தக்கது. தூரத்து உறவான பிளவுறும் ஈஸ்டிலும், அதாவது சைசோசாக்கரோமைசிஸ் பாம்பேயிலும், இதற்கு நிகரான புரதம் உண்டு. அதைச் சாக்கரோமைசிஸில் ஏசி40க்குப் பதிலாக வைத்தால் பாலிமரேஸ் வேலை செய்கிறது, செல் உயிர் வாழ்கிறது, ஆனால் டிஒய்1 இன்டெகிரேஸால் அதைப் பற்ற முடிவதில்லை. அதாவது செல்லின் தொழிலைக் கெடுக்காமல் பிடிமானத்தை மட்டும் கழற்றிவிட்டார்கள். விளைவாக, கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களின் அருகே செருகல்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் செருகல்களின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை. பிடிமானம் இழந்த டிஒய்1 மரபணுத்தொகை எங்கும் சமமாகச் சிதறவும் இல்லை. குரோமோசோம்களின் முனைகளை அடுத்த பகுதிகளில் போய்க் குவிந்தது. செல்லின் உயிருக்கு இன்றியமையாத மரபணுக்கள் மிகக் குறைவாக உள்ள பகுதி அது. முதல் வாசல் அடைபட்டதும் அது சென்று சேர்ந்த இரண்டாம் இடமும் செல்லுக்கு அதிகத் தீங்கில்லாத இடமாகவே அமைந்தது என்பதுதான், என் பார்வையில், அந்த ஆய்வின் மிகச் சுவையான பகுதி.

பாலிமரேஸைப் பற்றுவது ஊரையும் தெருவையும் மட்டுமே முடிவு செய்கிறது; கதவு எண்ணை முடிவு செய்வது வேறொன்று. டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றப்பட்டு நியூக்ளியோசோம்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. பெருமளவு செருகல்களை ஒரே நேரத்தில் வரிசையறியும் முறைகள் வந்த பிறகு, 2012இல் வெளியான இரண்டு ஆய்வுகள், டிஒய்1 கடத்து ஆர்.என்.ஏ. மரபணுவின் முன்புறம் ஏறத்தாழ ஆயிரம் கார இணைகள் வரையிலும் விழுகிறது என்பதையும், அந்த நீளத்துக்குள் சுமார் 80 கார இணைகளுக்கு ஒருமுறை செருகல்கள் உச்சம் அடைகின்றன என்பதையும் தெளிவாகக் காட்டின. ஒரு நியூக்ளியோசோமுக்கு இரண்டு உச்சங்கள் என்ற கணக்கில், எச்2ஏ, எச்2பி என்னும் ஹிஸ்டோன்கள் சேருமிடத்தை ஒட்டிய டி.என்.ஏ.வில் அவை விழுகின்றன. நியூக்ளியோசோம்களை நகர்த்தி ஒழுங்குபடுத்தும் ஐஎஸ்டபிள்யூ2 என்னும் புரதத்தை நீக்கினால் இந்தச் சீரான இடைவெளி குலைகிறது. எனவே, எந்த மரபணுவின் அருகே என்பதும், அதன் அருகே எந்தப் புள்ளியில் என்பதும் இரு வேறு படிகளில் தீர்மானிக்கப்படுகின்றன என்று கொள்வதே பொருத்தம்.

கேள்வி: டிஒய்1 தன் டி.என்.ஏ. நகலை உருவாக்கத் தொடங்குவதற்கு ஒரு கடத்து ஆர்.என்.ஏ.வையே தொடக்க இழையாகப் பயன்படுத்துகிறது என்று படித்தேன். அந்த ஆர்.என்.ஏ.தான் அதைத் தன் மரபணுவிடம் அழைத்துச் செல்கிறதோ?

பதில்: கவர்ச்சியான ஊகம்; ஆனால் சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. டிஒய்1 பயன்படுத்துவது மெத்தியோனினைச் சுமந்து புரத உருவாக்கத்தைத் தொடங்கும் ஒரு வகையை மட்டுமே. அதுவே வழிகாட்டியாக இருந்தால், அந்த வகையின் மரபணுக்கள் தனியே விரும்பப்பட வேண்டும். டிஒய்1 எல்லா வகைக் கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களின் அருகேயும் வருகிறது; கடத்து ஆர்.என்.ஏ.வே அல்லாத, ஆனால் பாலிமரேஸ் 3ஆல் படியெடுக்கப்படும் யு6 ஆர்.என்.ஏ.வின் மரபணு அருகேயும் வருகிறது. ஒரே மூலக்கூறு இரண்டு இடங்களில் தலைகாட்டுவதாலேயே இரண்டுக்கும் முடிச்சுப்போட வேண்டியதில்லை.

கேள்வி: இத்தனை இடங்களிருக்க, கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களை அது நாடுவதால் யாருக்கு என்ன நன்மை?

பதில்: ஈஸ்டின் மரபணுத்தொகை மிக நெருக்கமானது, அதில் ஏறத்தாழ 70 சதவீதம் புரதங்களுக்கான செய்தி. மனித மரபணுத்தொகையில் இந்தப் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதை நினைத்தால் நிலைமை புரியும். மேலும், ஈஸ்ட் ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரே பிரதியுடன் ஒற்றைமயச் செல்லாக வாழக்கூடியது. இன்றியமையாத ஒரு மரபணு கெட்டால் ஈடுசெய்ய இரண்டாம் பிரதி இராது. முதல் விடையில் சொன்ன சிறைவாசத்தை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். செல் இறந்தால், வெளியேறத் தெரியாத டிஒய்1உம் உடன் இறக்கிறது. கண்மூடித்தனமாக விழும் மரபுக்கூறுகள் தாங்கள் இருந்த செல்களோடு அழிந்திருக்க, தீங்கற்ற இடத்தில் இருக்கும் புரதம் ஒன்றைத் தற்செயலாகப் பற்றக் கற்றவை தழைத்தன என்பதே பரிணாமம் தரும் விளக்கம். முந்தைய வாசகர் சொன்ன எஞ்சியவற்றின் கதை இங்கேதான் உண்மையாகப் பொருந்துகிறது: தனித்தனிச் செருகல்களுக்கு அல்ல, செருகும் நொதியின் இயல்புக்கே.

கடத்து ஆர்.என்.ஏ. மரபணுவின் அண்டை ஏன் தீங்கற்றது என்பதற்கு நேரான காரணம் உண்டு. பொதுவாக ஒரு மரபணுவின் படியெடுப்பைத் தொடங்கும் கட்டளைப் பகுதி அதற்கு முன்னால் இருக்கும்; அங்கே 5,900 கார இணைகள் வந்து புகுந்தால் மரபணு முடங்கலாம். கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களிலோ அந்தக் கட்டளைப் பகுதிகள் மரபணுவின் உள்ளேயே அமைந்திருக்கின்றன. எனவே முன்புறத்தில் யார் வந்து குடியேறினாலும் மரபணு தன் வேலையைத் தொடர்கிறது. தவிரவும், ஒரே வகைக் கடத்து ஆர்.என்.ஏ.வுக்குப் பெரும்பாலும் பல பிரதிகள் இருக்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்.

இது ஈஸ்டில் மட்டும் தோன்றிய உத்தியுமல்ல. டிக்டியோஸ்டீலியம் என்னும் மண்வாழ் அமீபாவின் மரபணுத்தொகையும் நெருக்கமானது. அங்கேயும் டிஆர்இ5 என்னும் வேறு மரபைச் சேர்ந்த ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான் கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களின் முன்புறத்தையே நாடுகிறது. உறவில்லாத இருவர் தனித்தனியே ஒரே விடையைக் கண்டடைந்திருப்பது, அந்த விடையின் பயனுக்கு நல்ல சான்று.

கேள்வி: ஈஸ்டில் உள்ள எல்லா ரெட்ரோடிரான்ஸ்போசான்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றனவா?

பதில்: சாக்கரோமைசிஸில் ஐந்து குடும்பங்கள் உண்டு. டிஒய்1, டிஒய்2, டிஒய்3, டிஒய்4 ஆகிய நான்கும் கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களின் அருகே காணப்படுகின்றன. டிஒய்5 தனி வழி செல்கிறது. டிஒய்2, டிஒய்4 பற்றி இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. டிஒய்3, டிஒய்5 இரண்டும் நின்று பார்க்கத்தக்கவை.

டிஒய்3 குறிபார்க்கும் துல்லியம் வியப்பூட்டுவது. ஆயிரம் கார இணைகளுக்குள் எங்காவது என்று டிஒய்1 திருப்தியடைய, டிஒய்3 படியெடுப்புத் தொடங்கும் புள்ளியிலிருந்து ஓரிரு எழுத்துகளுக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. சுசான் சாண்ட்மையரின் குழு இதை 1990களின் தொடக்கத்தில் நிறுவியதோடு, 1995இல் செல்லுக்கு வெளியே, சோதனைக் குழாயிலேயே இந்தச் செருகலை நிகழ்த்தியும் காட்டியது. டிஒய்3 பற்றுவது பாலிமரேஸை அல்ல. பாலிமரேஸ் வருவதற்கு முன்பே தொடக்கப் புள்ளியின் அருகே அமர்ந்து அதை வரவேற்கும் தொடக்கக் காரணிகளை. பாலிமரேஸ் அங்கே வந்து அமர்ந்துவிட்டால் டிஒய்3இன் செருகலுக்கு அது இடையூறாகவும் ஆகிறது. ஒரே மரபணுவின் வாசலில் நிற்கும் இருவர், அந்த வாசலின் இரு வேறு பணியாளர்களின் துணையோடு உள்ளே வருகிறார்கள்.

டிஒய்5 செல்வது, படியெடுப்பு ஏறத்தாழ அடங்கிப்போன பகுதிகளுக்கு: குரோமோசோம் முனைகளான டெலோமியர்களின் அருகேயும், பாலின வகைச் செய்தியை மௌனமாகச் சேமித்துவைக்கும் இடங்களுக்கும். அந்தப் பகுதிகளை அடக்கிவைக்கும் புரதங்களில் ஒன்றான சர்4ஐ டிஒய்5 இன்டெகிரேஸ் பற்றுகிறது. இதற்கு அந்த நொதியின் வால்பகுதியில் உள்ள ஆறு அமினோ அமிலங்கள் போதுமானவை. செரிவிசியேயில் உள்ள டிஒய்5 பழுதுபட்டுச் செயலிழந்துவிட்டதால், உறவுக்கார இனமான சாக்கரோமைசிஸ் பாரடாக்சஸிலிருந்து எடுத்த நகலைக் கொண்டே டேனியல் வோய்டஸின் குழு இவற்றைக் கண்டறிந்தது. அந்த ஆறு அமிலங்களில் ஒரு செரின் மீது பாஸ்பேட் ஏறியிருந்தால்தான் சர்4ஐப் பற்ற முடியும். செல் ஊட்டச்சத்துக் குறைபாட்டால் வாடும்போது இந்தப் பாஸ்பேட் ஏற்றம் குறைகிறது. அப்போது டிஒய்5 தன் வழக்கமான இடத்தை விட்டு மரபணுத்தொகையெங்கும் பரவுகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. செழிப்பான காலத்தில் அடங்கியிருப்பதும், பஞ்ச காலத்தில் மாற்றங்களை விதைப்பதும் செல்லுக்கே ஒரு வாய்ப்பாக அமையலாம் என்று அதை விளக்குவோர் உண்டு. பாஸ்பேட்டின் பங்கு சோதனையால் நிறுவப்பட்டது. அதன் பரிணாமப் பயன் விளக்கம் மட்டுமே என்ற வேறுபாட்டைக் காப்பது நல்லது.

பிளவுறும் ஈஸ்டின் டிஎஃப்1 என்னும் ரெட்ரோடிரான்ஸ்போசான், இவை அனைத்துக்கும் எதிரான திசையில் நடக்கிறது. புரதங்களுக்கான மரபணுக்களின் முன்புறத்தையே, அதுவும் செல் நெருக்கடியைச் சந்திக்கும்போது விழித்தெழும் மரபணுக்களின் முன்புறத்தை அது மிகவும் விரும்புகிறது. ஹென்றி லெவினின் ஆய்வுக்கூடம் 2010இல் 70,000க்கும் மேற்பட்ட தனித்தனிச் செருகல்களை வரைபடமாக்கி இதைக் காட்டியது. அந்தச் செருகல்களில் பெரும்பகுதி சாப்1 என்னும் டி.என்.ஏ. பற்றும் புரதம் அமரும் இடங்களோடு ஒத்துப்போவது 2015இல் தெரியவந்தது. ஆபத்தான அண்டை என்று தோன்றினாலும், டிஎஃப்1 மரபணுவின் புரதச் செய்திப் பகுதிக்குள் நுழையாமல் அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. அருகிலுள்ள மரபணுவின் செயல்பாட்டைச் சில வேளைகளில் கூட்டவும் செய்கிறது. கோபால்ட் போன்ற நச்சு உலோகத்தின் நெருக்கடியில் வளர்க்கப்பட்ட செல்களில், தாங்கும் திறனை வளர்த்த செருகல்களையும் பின்னர் கண்டார்கள்.

கேள்வி: ஈஸ்டில் நடக்கும் இந்த விவகாரத்தை அறிவதால் மருத்துவத்துக்கு ஏதேனும் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஒப்பீட்டின் வழியாக. எச்.ஐ.வி.யின் இன்டெகிரேஸ் மனிதச் செல்லில் எல்.இ.டி.ஜி.எஃப். என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, சுறுசுறுப்பாகப் படியெடுக்கப்படும் மரபணுக்களின் உட்பகுதிகளுக்குச் செல்கிறது. எலிகளின் லுகேமியா வைரஸோ வேறு வகைப் புரதங்களைப் பற்றி, மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளை நாடுகிறது. பிடிக்கும் கை மாறுகிறது. பிடித்துச் செல்லும் தத்துவம் ஈஸ்டில் கண்டதே. இந்த எலி வைரஸை அடிப்படையாகக் கொண்டு, மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்ல அமைத்த கருவிகளால் நோயெதிர்ப்புத் திறனின்றிப் பிறந்த குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை அளித்தபோது, 2000களின் தொடக்கத்தில் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் தோன்றியது, எல்.எம்.ஓ.2 என்னும் மரபணுவின் அருகே கருவி செருகப்பட்டு அதைத் தூண்டிவிட்டதே காரணம் என்று கண்டறியப்பட்டது. செருகும் இடம் எது என்பது ஏட்டுக் கேள்வி அல்ல என்பதை அத்துறை கடுமையான விலை கொடுத்துத்தான் உணர்ந்தது. எனினும், எல்லா ரெட்ரோடிரான்ஸ்போசான்களையும் இதே சட்டகத்தில் அடைக்கக் கூடாது. மனித மரபணுத்தொகையில் சுமார் 17 சதவீதத்தை நிரப்பியிருக்கும் லைன்-1க்கு இன்டெகிரேஸே கிடையாது. அது தன் சொந்த நொதியால் டி.என்.ஏ.வை வெட்டி, வெட்டிய இடத்திலேயே நகலை வளர்க்கிறது, வெட்டுவதில் எழுத்து வரிசைக்கும் ஓரளவு பங்குண்டு.

கேள்வி: அப்படியானால், செருகும் இடத்தை நாமே மாற்றியமைக்க முடியுமா?

பதில்: கொள்கையளவில் முடியும் என்பதை டிஒய்5 காட்டிவிட்டது. சர்4ஐப் பற்றும் அதன் ஆறு அமினோ அமிலங்களை எடுத்துவிட்டு, வேறொரு புரதத்தைப் பற்றும் சிறு துண்டை வோய்டஸின் குழு அங்கே வைத்தது. அந்த வேறொரு புரதத்தையோ, டி.என்.ஏ.வில் தாங்கள் விரும்பிய புள்ளியில் அமரும் லெக்ஸ்ஏ என்னும் பாக்டீரியப் புரதத்தோடு ஒட்டவைத்தார்கள். 2003இல் வெளியான முடிவுகளின்படி, டிஒய்5 பழைய இடங்களை நோக்கிப் போவதை விட்டு, லெக்ஸ்ஏ அமர்ந்திருந்த புதிய புள்ளியின் சுற்றுப்புறத்தில் செருகத் தொடங்கியது. ஆனால் சுற்றுப்புறத்தில் என்பதைக் கவனியுங்கள்: பிடிமானம் அக்கம்பக்கத்துக்குக் கொண்டுசேர்க்கும், எழுத்துக் கணக்கில் ஒரே புள்ளியைக் குறித்துத் தராது. சிகிச்சைக்கு வேண்டியது அந்தத் துல்லியம் என்பதால், ஆய்வாளர்கள் குறிப்பிட்ட வரிசையைத் தேடிக் கண்டுபிடிக்கும் கிறிஸ்பர் போன்ற நொதிகளின் பக்கம் அதிகம் சாய்ந்திருக்கிறார்கள்.